நாலாம் நம்பர் பிரேக்கரும் ஜக்கரிய்யாவின் நாக்கும்

14.02.2021 — 4.2 — 4.2
03.09.2021 — 5.1 — 9.3
21.01.2022 — 3.8 — 13.1
06.03.2023 — 6.4 — 19.5
28.08.2023 — 5.5 — 25.0
19.02.2024 — 6.9 — 31.9
17.03.2025 — 7.1 — 39.0

"யாருக்கு இவ்வளவு கைமாத்து குடுத்து வச்சிருக்கிய?" என்று ஹாஜரா பீவி ஒருநாள் கேட்டார். கடைசி வரி அப்போது இல்லை. மேலே உள்ள ஆறு வரிகளைக் கணவரின் நோட்டில் பார்த்துவிட்டுக் கேட்டது.

கைமாற்றாக இருந்திருந்தால் ஜக்கரிய்யாவுக்கும் மகிழ்ச்சிதான். முதலில் இருப்பது தேதி. அடுத்தது, அன்றைக்கு நாலாம் நம்பர் பிரேக்கர் அறுத்து நிறுத்திய மின்சாரம், ஆயிரம் ஆம்பியர் கணக்கில். மூன்றாவது, அந்தப் பிரேக்கர் அதுவரை அறுத்ததன் மொத்தம். ஒரு பிரேக்கர் ஷார்ட் ஆன மின்சாரத்தை ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் உள்ளே இருக்கும் செம்பு கொஞ்சம் உருகுகிறது, எண்ணெய் கொஞ்சம் கருகுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். தென்முத்து குளிர்பதனப் பேட்டையில் அந்த யாராவது ஒருவர் ஜக்கரிய்யா.

அவர் காயல்பட்டினத்தில் 1968இல் பிறந்தவர். இருபத்தெட்டு வயதில் சவூதியின் தம்மாமுக்குப் போய், இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே பிரேக்கர்களைப் பிரித்துப் பூட்டினார். 2018இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்தார். ஊர் வழக்கப்படி அவர் குடியிருப்பது மனைவியின் வீடு. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் விடுமுறை விடுமுறையாக அவர் அந்த வீட்டில் தங்கியது மொத்தம் நாற்பத்தொரு மாதம் பதினோரு நாள். இதையும் அவர் குறித்து வைத்திருந்தார். ஹாஜராவோ எதையும் குறித்து வைப்பவரல்லர், சொல்லிவிடுவார்.

"இருவத்திரண்டு வருசம் போன்லயே சண்டை போட்டு அலுத்துப்போச்சு. இனிமே நேர்லதான் போடணும். பாஸ்போர்ட்டைக் கையில எடுத்திய, கதவைத் தொறக்க மாட்டேன். வீடு யாரு வீடுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஆனால் காயல்பட்டினத்தில் பிரேக்கர் வேலைக்கு எங்கே போவது? இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் தேவையில்லாமல் பிரித்துப் பூட்டினார். 2020 நவம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே இருந்த இந்தப் பேட்டையில் வேலை கிடைத்தது. இறாலையும் கணவாயையும் உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் ஒன்பது கம்பெனிகளுக்குச் சேர்த்து ஒரு சின்ன துணைமின்நிலையம், அதற்குப் பொறுப்பாளர். மேற்பார்வையாளர் சான்றிதழ் அவரிடம்தான் இருந்தது என்பதால், முக்கியமான காகிதம் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரிந்த தொழிலுக்கு இருந்த ஒரே நாற்காலி அது. அது போனால் மறுபடியும் தம்மாம்.

சிக்கல் 2024 நவம்பரில் தொடங்கியது. பேட்டையில் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். ஒவ்வொன்றும் தன் பாதிக் கம்பெனிகளுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கப்ளர் என்று ஒரு இணைப்புச் சுவிட்சு. அதை ஜக்கரிய்யா எப்போதும் திறந்தே, அதாவது இணைப்பு இல்லாமலே, வைத்திருந்தார். புதிதாக வரப்போகும் பெரிய குளிர்கிடங்குக்காக அந்தக் கப்ளரைப் போட்டு, இரண்டு டிரான்ஸ்பார்மரையும் ஒன்றாக ஓட்ட வேண்டும் என்றார் மேனேஜர் விஜயராஜ். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும், விளக்குகூட மினுங்காது என்று குளிர்கிடங்குக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். விஜயராஜ் உடன்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். கெட்ட மனிதர் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டு வழியைத் தேடுகிறவர், அவ்வளவுதான்.

ஜக்கரிய்யா ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு டிரான்ஸ்பார்மர் தனியாக ஓடினால், ஷார்ட் ஆகும்போது பாய்வது அதிகபட்சம் 7.6 ஆயிரம் ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 14.5. பிரேக்கர்களோ மூடிய ஆலை ஒன்றிலிருந்து பழைய விலைக்கு வாங்கிய எண்ணெய்ப் பிரேக்கர்கள். அவற்றின் தகட்டில் பொறித்திருந்த தாங்கும் அளவு 13.1.

"ஒண்ணரைதானே வே கூட?" என்றார் விஜயராஜ்.

"அண்ணாச்சி, உங்க கழுத்தளவுக்கு மேல ஒண்ணரை அடி தண்ணி நின்னா ஒண்ணரைதானேம்பியளா?"

வீட்டிலும் ஹாஜராவுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. "கந்தூரிக்குச் சோறு போடுத வாசல்ல ஒரு தெருக்கூட்டம் நெருக்கினா, வாசல்காரன் எப்படியாவது கதவை அடைச்சிருவான். ரெண்டு தெருக்கூட்டம் சேந்து வந்தா?"

"கதவும் போவும், வாசல்காரனும் போவான்."

"அதான். நான் ரெண்டு தெருவையும் சேரவிடாம நடுவுல கயிறு கட்டி வச்சிருக்கேன். அவரு கயிறை அவுக்கச் சொல்லுதாரு. வாசல்ல நிக்கவன் சிலுவை."

சிலுவை என்பவர் பெரியதாழைக்காரர், முப்பத்தைந்து வயது, ஷிஃப்ட் ஆபரேட்டர். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரேக்கர் முன்னாலும் நின்று மீட்டர் பார்த்து எழுத வேண்டியவர். எண்ணெய்ப் பிரேக்கர் தாங்காமல் வெடித்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன என்பதை ஜக்கரிய்யா தம்மாமில் ஒருமுறை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி மட்டும் வீட்டில் பேசியதில்லை.

"இந்தப் பிரேக்கர்கள் இரண்டு டிரான்ஸ்பார்மருக்கும் போதும்" என்ற சான்றிதழில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பிரேக்கர்களை மாற்றும்வரை கப்ளர் திறந்தே இருக்கட்டும், புதுக் கிடங்கை இரண்டாவது டிரான்ஸ்பார்மரில் தனியாகக் கொடுப்போம் என்று. முதல் கடிதம் 2.12.2024, இரண்டாவது 20.1.2025. இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். "மெயில் அனுப்பலாம்லா காக்கா?" என்று, அவரை அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடும் சிலுவை கேட்டதற்கு, "மெயிலை அவன் பாத்தானா பாக்கலையான்னு யாருக்குத் தெரியும்? அட்டையில கையெழுத்து இருக்கும்லே" என்றார். அட்டைகள் கையெழுத்தோடு ஒழுங்காகத் திரும்பி வந்தன. பதில்தான் வரவில்லை. இரண்டு கடிதங்களும் கோயம்புத்தூரிலிருந்து 'உரிய நடவடிக்கைக்காக' விஜயராஜுக்கே அனுப்பப்பட்டு, அவர் மேசை இழுப்பறையில் ஓய்வெடுத்தன.

மார்ச் வந்தது, நோன்பும் வந்தது. புதுக் கிடங்கு திறக்கும் நாள் மார்ச் 17, திங்கட்கிழமை.

உப்பளக் காற்று வீசும் இடத்தில் மின்நிலையம் நடத்துவதில் ஒரு தனி வேலை உண்டு. கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். வெயிலில் ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனி பட்டு ஈரமானதும் மின்சாரம் அந்த உப்பைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் இறங்கும், ஷார்ட் ஆகிவிடும். ஆகவே மாதம் ஒரு ஞாயிறு மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பீங்கான்களையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர் ஆத்தூர் இசக்கியப்பனின் டேங்கர் லாரியில் வரும், ஆற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீரைச் சோதிக்க ஒரு மீட்டர் வாங்கித் தரும்படி ஜக்கரிய்யா நான்கு முறை எழுதிக் கேட்டிருந்தார். வரவில்லை. அதனால் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். அவர் நாக்கு நல்ல தண்ணீர் என்று சொன்னால்தான் குழாயைத் திறப்பார்கள். நான்கு ஆண்டுகளாக அதுதான் முறை.

மார்ச் 16, ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு டேங்கர் வந்தது. ஜக்கரிய்யா தம்ளரைப் பிடித்தார், பார்த்தார், சிலுவையிடம் நீட்டினார்.

"எனக்கு நோன்பு. நீ பாருலே."

சிலுவை தம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "அருமையான தண்ணி காக்கா. இனிக்கி."

கழுவினார்கள். நாலாம் நம்பர் கம்பத்தில் ஏறி ஒவ்வொரு பீங்கானுக்கும் தாராளமாகவே பீய்ச்சினார்கள். இசக்கியப்பன் வெற்றிலை மென்றுகொண்டு லாரி நிழலில் நின்று, "கல்யாண வீட்டுக்குக்கூட இப்படிக் கழுவ மாட்டாவ அண்ணாச்சி" என்று பாராட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்ளரைப் போடும்படி விஜயராஜ் சிலுவையிடம் சொல்லியிருந்தார். "கையெழுத்தைப் பத்து மணிக்கு வாங்கிக்கிடலாம்" என்று. சிலுவை அதை ஜக்கரிய்யாவுக்குப் போனில் சொல்லிவிட்டார். ஜக்கரிய்யா விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்து, சுபுஹுத் தொழுகையை வழியில் நிறைவேற்றி, பைக்கில் 5.45க்குப் பேட்டைக்குள் நுழைந்தார். நல்ல பனி. சிலுவை நாலாம் நம்பர் முன்னால் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்ளர்ப் பக்கம் போவாதலே" என்று ஜக்கரிய்யா வாசலிலிருந்தே சத்தம் கொடுத்தார்.

"நான் எங்க போனேன்? நீங்க வருவியன்னுதான—"

5.52. வெளியே கம்பத்தில் நீலமாய் ஒரு கோடு ஊர்ந்தது. அடுத்த நொடி லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். நாலாம் நம்பர் பிரேக்கர் குலுங்கி, மேல்மூடி இடுக்கில் புகையைத் தள்ளி, கொஞ்சம் கறுப்பு எண்ணெயையும் சிலுவையின் சட்டையில் துப்பிவிட்டு, அறுத்துவிட்டது. நாலாம் லைனில் விளக்குகள் அணைந்தன. சிலுவை சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, "மாதாவே, புதுச்சட்டை" என்றார். பிறகுதான் அவர் பிரேக்கர் முன்னாலிருந்து விலகினார்.

ஷார்ட்டைக் கண்டு பிரேக்கரை அறுக்கச் சொல்லும் ரிலே என்ற கருவி காட்டிய எண் 7.1. கப்ளர் போட்டிருந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். ஜக்கரிய்யா சிலுவையை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

நேற்றுக் கழுவிய பீங்கான் இன்று எப்படிக் கெட்டது? பகல் முழுவதும் அவருக்கு இதே யோசனை. நாலாம் நம்பர் பீங்கானை விரலால் தடவினால் மெல்லிய வெள்ளைப்பூச்சு. மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். பழம் வாயில் இருக்கும்போதே, நேற்றைய தண்ணீர் மிச்சம் கிடந்த வாளியில் தம்ளரை விட்டு ஒரு வாய் வைத்தார். உடனே துப்பினார்.

"ஏலே சிலுவை! இதுவா இனிக்கி?"

சிலுவை வாங்கிக் குடித்துப் பார்த்தார். மறுபடியும் குடித்தார். "ஏன் காக்கா? எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிக்கு இது சர்பத்துல்லா. நாங்க இதைவிட ரெண்டு மடங்கு உப்புல காப்பி போடுவோம்."

இசக்கியப்பனைப் போனில் பிடித்தார்கள். அவர் முதலில் ஆற்றங்கரைக் கிணறு என்றார். பிறகு, மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணியது என்றார். கடைசியில், வழியில் முள்ளக்காட்டுப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய ஒரு கிணற்றில் நிரப்பியதை ஒத்துக்கொண்டார். "தண்ணி பாக்கக் கண்ணாடி மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க குடிச்சுப் பாத்து வேண்டாம்னா திரும்பிருப்பேன்."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பீங்கான்களை உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள்.

மறுநாள் விஜயராஜ் அறையில் மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சங்கதி கேள்விப்பட்டேன் பாய். ஊரு முழுக்கச் சிரிக்கும். போட்டும். நோட்டுல 'காரணம் தெரியவில்லை'ன்னு ஒரு வரி போடும், நானும் கேக்க மாட்டேன். நீரும் இந்தச் சான்றிதழ்ல ஒரு கையெழுத்தைப் போடும். பிரேக்கர்தான் அறுத்துக் காட்டிருச்சே?"

"அறுத்தது ஒரு தெருக்கூட்டத்தை."

"என்ன தெரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கையெழுத்து வராது. காரணம் தெரியும்னுதான் எழுதுவேன்."

"எழுதினா நீரு கழுவின லட்சணத்துக்கு மெமோ வரும். வேலையே போவும் வே. யோசிச்சுக்கிடும்."

"ரெண்டும் ஒரே நோட்டுல்லா. கடைசி வரியில பொய் எழுதினா மேல இருக்க ஆறு வரியை எவன் நம்புவான்? அந்த ஆறு வரியை வச்சுத்தான நான் உங்ககூட மல்லுக்கு நிக்கேன்."

அன்றே எழுதினார்: 'உவர்நீரில் கழுவப்பட்டது. நோன்பின் காரணமாக நான் சுவை பார்க்கவில்லை. தவறு என்னுடையது. கப்ளர் திறந்திருந்தது, திறந்து வைத்ததும் நானே.' மூன்றாம் நாள் மெமோ வந்தது. பணியிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்க வேண்டும். கிடங்குத் திறப்பு தள்ளிப் போயிற்று. விஜயராஜ் வேறொரு சான்றிதழ்காரரைத் தேடத் தொடங்கினார் என்று சிலுவை சேதி கொண்டுவந்தார்.

வீட்டில் ஹாஜரா முதலில் பிடித்துக்கொண்டது வேறு இடத்தை.

"நாக்குல வச்சுத் துப்பினா நோன்பு முறியாது. நாங்க அடுப்பங்கரையில உப்புப் பாக்கலையா?"

"அம்பது வருசமா நோன்பு பிடிக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் பெரியதாழைக்காரனைக் குடிக்க வச்சிய? கடலைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுவான் அவன்."

பேச்சு அதோடு நிற்கவில்லை. ஹாஜராவின் தம்பி முஜாஹித் தம்மாமிலிருந்து கூப்பிட்டான். மச்சானின் பழைய கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், இரண்டு வருட விசா, பாஸ்போர்ட்டைத் தூத்துக்குடி ஏஜென்டிடம் கொடுத்தால் போதும். ஜக்கரிய்யா கொடுத்துவிட்டு வந்தார். விமானம் ஏப்ரல் 12, திருவனந்தபுரத்திலிருந்து. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு ஹாஜரா கதவைத் திறந்தார்தான். ஆனால் கஞ்சியைக் கொண்டுவந்து ஓங்கி வைத்தார்.

"கையெழுத்தைப் போட்டிருந்தா இங்கனயே இருந்திருக்கலாம்" என்றார் ஜக்கரிய்யா.

"போட்டுட்டு இங்கன இருக்காதிய" என்றார் ஹாஜரா. "பெருநாளைக்கு வட்டிலப்பம் வாங்கச் சிலுவை பொண்டாட்டி வருவா. அவ மூஞ்சில நான் முழிக்கணும். தம்மாமுக்கே போங்க. போன்ல சண்டை போட்டுக்கிடுதேன்."

மார்ச் 21, வெள்ளிக்கிழமை, மெமோவுக்கு விளக்கம் எழுதி, நாலாம் நம்பர் பக்கத்தின் நகலையும் கணக்கையும் இணைத்து மூன்றாவது கடிதத்தை அனுப்பினார். இந்த முறை உறையின் மேல் பொது அலுவலகம் என்று போடவில்லை. தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் பானுப்ரியா என்று பெயர் போட்டே எழுதினார். அட்டை 26ஆம் தேதி திரும்பியது. 28ஆம் தேதி அந்த அம்மாளே போனில் கூப்பிட்டார்.

"உங்க நோட்டைப் படிச்சேன் சார். தன் தப்பைத் தானே எழுதின லாக் புக்கை நான் இப்பத்தான் பார்க்கறேன். இருந்தாலும் சரிபார்க்கணும். ரிலேயில பழைய டிரிப் எல்லாம் பதிவா இருக்கும்ல? அதை அப்படியே எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். மறுநாள் மறுபடியும் போன்.

"ஆறு சரியா இருக்கு சார். 2023 மார்ச் ஆறாம் தேதி மட்டும் நீங்க 6.4ன்னு எழுதிருக்கீங்க, ரிலேயில 6.38."

"முழுசாக்கிப் போட்டுட்டேன்மா. போட்டிருக்கக் கூடாது" என்று ஜக்கரிய்யா குரல் இறங்கிச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. அதன் பிறகு போன் வரவில்லை.

பெருநாள் வந்து போனது. சிலுவையின் மனைவி ஞானசௌந்தரி வந்து வட்டிலப்பம் வாங்கிப் போனார். ஏப்ரல் 5ஆம் தேதி பயணச் சீட்டு வந்தது. ஜக்கரிய்யா பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். ஹாஜரா அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். தைக்கத் தேவையில்லாத சட்டைகளுக்கும் தைத்தார்.

பிறகு தபால்காரர் வந்தார். கோயம்புத்தூர் உறை, ஒரு பக்கக் கடிதம். புதிய பிரேக்கர்கள் நான்கு, ஒவ்வொன்றும் 25 தாங்குபவை, ஜூலைக்குள் வரும். அவை பூட்டப்படும்வரை கப்ளர் திறந்தே இருக்க வேண்டும்; புதுக் கிடங்குக்கு இரண்டாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து தனியாக மின்சாரம் தரப்பட வேண்டும். பீங்கான்களைக் கழுவியதில் நேர்ந்த கவனக்குறைவுக்காகப் பொறுப்பாளர் கண்டிக்கப்படுகிறார். கண்டிப்பு அவருடைய பணிப்பதிவில் சேர்க்கப்படும். பணிநீக்கக் குறிப்பாணை திரும்பப் பெறப்படுகிறது. பிரேக்கர்களைப் பூட்டும் வேலையை அவரே முன்நின்று நடத்த வேண்டும்.

ஜக்கரிய்யா இரண்டு முறை படித்தார். "கண்டிச்சிருக்காங்க" என்றார். "நியாயம்தான்."

ஹாஜரா கடிதத்தை வாங்கி, தனக்கு வேண்டிய வரியை மட்டும் படித்துவிட்டு, முஜாஹிதைப் போனில் கூப்பிட்டார். "ஒம் மச்சான் வரலை. அந்த ஏஜென்ட்கிட்ட பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. ஏன்னா? ஏன்னா அவருக்கு இங்கன வேலை இருக்கு. வையி."

பெட்டி திரும்பவும் பரணுக்குப் போனது. கடிதம் வந்து சேர்ந்தது, விமானத்துக்கு மூன்று நாள் முன்னால், 2025 ஏப்ரல் 9, புதன்கிழமை.